ஒரு லட்சம் ஓடிய ஹேட்ச்பேக்கை எடைபோடுவது எப்படி?

முதன்முறையாகப் பழைய கார் வாங்க முனைபவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்குகிறார்கள். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தால் வேண்டாம், எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் பார்க்கவே வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணை நம்பியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதை, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வண்டி பார்க்கப் போன அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். வாங்குபவர்கள் எந்த எண்ணுக்குக் கீழே தேடுகிறார்கள் என்பது விற்பவர்களுக்கும் தெரியும். மீட்டரை அந்த எண்ணுக்குக் கீழே இறக்கி வைப்பது இன்று சிறிது நேர வேலைதான். ஆகவே மீட்டர் காட்டும் எண் உண்மைதானா, அந்த ஓட்டம் எப்படிப்பட்ட ஓட்டம், இனி நீங்கள் ஓட்டப்போகும் தூரத்துக்குள் என்னென்ன செலவு காத்திருக்கிறது என்ற மூன்றையும் வரிசையாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் ‘மைலேஜ்’ என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் பொருள். இங்கே பேசப்போவது அது அன்று. வண்டி பிறந்த நாள் முதல் இன்றுவரை ஓடிய மொத்தத் தூரம். அதைப் பேச்சு வழக்கில் இருப்பதுபோல ‘ஓட்டம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் கணக்கு

சொந்தப் பயன்பாட்டில் இருக்கும் ஒரு கார் ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். அந்தக் கணக்கில் எட்டு ஆண்டு ஆன ஒரு ஹேட்ச்பேக் 80,000 முதல் ஒரு லட்சம் வரை ஓடியிருப்பது இயல்பே தவிர, குறை அன்று. விளக்கம் கேட்க வேண்டியது, எட்டு ஆண்டு ஆகியும் 28,000 மட்டுமே காட்டும் வண்டிக்குத்தான். ஓய்வுபெற்றவர் வீட்டில் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்த வண்டியாக அது இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் நின்றே கிடந்த வண்டிக்கும் தனி நோய்கள் உண்டு: ரப்பர் புஷ்களும் ஹோஸ்களும் இறுகிப்போகும், பிரேக் சிலிண்டர்கள் பிடித்துக்கொள்ளும், ஓடாத டயரும் வயதாகி வெடிப்பு விடும்.

ஓட்டத்தின் அளவைவிட அது நிகழ்ந்த இடம் முக்கியம். மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்னை நெரிசலிலேயே 50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் இன்ஜின் 2,500 மணி நேரம் உழைத்திருக்கிறது. சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் 1,20,000 ஓடிய வண்டியின் இன்ஜின் உழைத்தது 2,000 மணி நேரம் மட்டுமே. கிளட்ச், பிரேக், கியர் பெட்டி, ஸ்டியரிங் ஆகியவற்றின் தேய்மானத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். நான்கு வழிச் சாலையில் ஐந்தாவது கியரில் ஒரு மணி நேரம் போகிறவர் கிளட்சை மிதிப்பது பத்துப் பதினைந்து முறைதான், ஒரு பெருநகரச் சிக்னலைக் கடப்பதற்குள் அதே எண்ணிக்கை வந்துவிடும்.

நான் வாங்கிய 2014 டீசல் ஸ்விஃப்ட், வாங்கும்போதே 1,18,000 ஓடியிருந்தது. முந்தைய உரிமையாளர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் நான்கு நாள் கோவைக்கும் சேலத்துக்கும் இடையே ஓட்டியவர். சர்வீஸ் பில்கள் அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் தேதி வரிசையில் வைத்திருந்தார். அந்த உறையைப் பார்த்துத்தான் வாங்கினேன். இன்று 1,70,000ஐத் தாண்டிவிட்ட அந்த வண்டியின் இன்ஜினை இதுவரை பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டிக்கு முன் காகிதம்

வண்டியை நேரில் பார்த்துவிட்டால் நிறமும் பளபளப்பும் மனத்தை இழுத்துவிடும். எனவே போவதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தின் படத்தையும் சர்வீஸ் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவு எண்ணை இட்டால் பதிவான தேதி, வாகன வகை, எரிபொருள், காப்பீடு எதுவரை உள்ளது, கடன் நிலுவையில் இருக்கிறதா என்பவை தெரியும். ‘சிங்கிள் ஓனர்’ என்று சொன்ன வண்டி மூன்றாவது கையில் இருப்பது ஆர்.சி.யிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டத்தை உறுதிப்படுத்தும் சாட்சிகளில் முதன்மையானது சர்வீஸ் பில். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் அச்சாகியிருக்கும். ஒரு தாளில் அவற்றை வரிசையாக எழுதுங்கள். 2016இல் 9,800, 2017இல் 21,400, 2018இல் 33,900 என்று ஏறிவந்த வண்டி, 2019க்குப் பிறகு பில்லே இல்லாமல் இன்று 52,000 காட்டுகிறது என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ஓடியவர் ஏன் திடீரென்று ஓட்டுவதைக் குறைத்தார் என்று கேளுங்கள். 2020, 2021 ஊரடங்குக் காலத்தில் ஓட்டம் குறைந்தது உண்மைதான். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்த விளக்கத்தை ஏற்கலாம், அதற்குப் பின்வந்த ஆண்டுகளுக்கு ஏற்க முடியாது.

பில் தொலைந்துவிட்டது என்றால், உரிமையாளரையே உடன் அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய் வரலாற்றைக் கேட்கலாம். பல நிறுவனங்களின் செயலிகளில் உரிமையாளர் தம் கைப்பேசியிலேயே அதைக் காட்டவும் முடியும். உண்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்கமாட்டார். பலரும் கவனிக்காத இன்னொரு சாட்சியும் உண்டு. காப்பீடு இடையில் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனம் அப்போது வண்டியை ஆய்வு செய்து மீட்டரையும் படம் எடுத்திருக்கும். அந்த ஆய்வு அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள்.

மீட்டரோடு வண்டியை ஒப்பிடுதல்

டிஜிட்டல் மீட்டரில் எண் ஒரு சிறு மெமரி சிப்பில் பதிந்திருக்கிறது. அதை மாற்றும் கருவியும் ஆட்களும் எல்லா ஊரிலும் உண்டு. எண்ணை மாற்றுகிறவர் வண்டி முழுவதையும் மாற்றுவதில்லை என்பதுதான் நமக்குள்ள வாய்ப்பு.

பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் என் நண்பருக்காக ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் பார்த்தோம். மீட்டர் 52,000 காட்டியது. பாலிஷ் போட்டு, இன்ஜினைக் கழுவி, கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள். பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு மேலுள்ள தகட்டைக் குனிந்து பார்த்தபோது, மூலையில் பாதி கிழிந்த ஓர் ஆயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பால்பாயின்ட் பேனாவால் எழுதிய எழுத்து தண்ணீர் பட்டு ஊதா நிறத்தில் கசிந்திருந்தாலும், ‘அடுத்த ஆயில் 96,500’ என்பதைப் படிக்க முடிந்தது. கன்சல்டிங்காரர் வேறு வண்டியின் ஸ்டிக்கர் என்றார். தகட்டிலேயே ஒட்டி, ஓரங்களில் ஆண்டுக்கணக்கான தூசி படிந்திருந்த ஸ்டிக்கர் வேறு வண்டியுடையதாக எப்படி இருக்கும்? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அன்று முதல் பானெட் உட்புறம், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூண், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி ஆகிய மூன்று இடங்களையும் டார்ச் அடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் முன், அதன் வலது ஓரத்தைப் பாருங்கள். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் உரசும் இடம் அதுவே. ஐம்பதாயிரம் ஓடிய வண்டியில் அங்குள்ள பஞ்சு அமுங்கித் தளர்ந்திருக்காது. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரில் வரிகள் மழுங்கி வழுக்கையாக இருந்தால் வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது என்று பொருள். முப்பதாயிரம் காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம் எழ வேண்டும். ஸ்டியரிங்கின் பிடிக்கும் இடம், கியர் குமிழியின் மேல் அச்சிட்ட எண்கள், ஓட்டுநர் பக்க ஜன்னல் சுவிட்சின் குறிகள் ஆகியவை தேய்ந்த விதமும் இதையே சொல்லும். சீட் கவரும் ஸ்டியரிங் கவரும் போட்டிருந்தால் தயங்காமல் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். ஹேட்ச்பேக் டயர்கள் பொதுவாக 40,000 முதல் 50,000 வரை ஓடும். 2019இல் வாங்கி 30,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயர்களும் 2022இல் தயாரானவை என்றால், முதல் செட் ஏன் அவ்வளவு விரைவில் போனது என்ற கேள்விக்கு விடை வேண்டும். வண்டிக்கு எட்டு வயது என்றால் மட்டும் வயது காரணமாகவே மாற்றியிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிரேக் டிஸ்க்கின் வெளி விளிம்பைச் சக்கரத்தின் இடைவெளி வழியே கவனித்தால், பேட் உரசாத ஓரம் ஒரு வரம்பாக மேடிட்டிருக்கும். அந்த வரம்பு நகத்தில் தடுக்கும் அளவு உயர்ந்திருந்தால் ஓட்டம் அதிகம். வண்டி நின்று ஆறிய பிறகே அதைத் தொட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்குக் காலை வெயில் போதும். சூரியன் எதிரே தாழ்வாக இருக்கும்போது உள்ளே உட்கார்ந்து முன் கண்ணாடியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடிய கண்ணாடியில் மணல் பட்டு ஏற்பட்ட ஊசிமுனைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் மின்னும். அவை வண்டிக்குக் கெடுதல் அல்ல. ஆனால் மீட்டர் 35,000 என்று சொல்லும்போது கண்ணாடி வேறு கதை சொன்னால், கண்ணாடியை நம்புங்கள். முகப்பு விளக்குகள் மஞ்சளாவதை மட்டும் ஓட்டத்துக்குச் சாட்சியாகக் கொள்ளாதீர்கள், அது வெயிலில் நிறுத்தியதால் வருவது.

வாடகைக்கு ஓடிய வண்டி வெள்ளை போர்டுக்கு மாறி விற்பனைக்கு வருவதும் உண்டு. பின் இருக்கையும் பின் கதவுக் கைப்பிடிகளும் முன்புறத்தைவிட அதிகம் தேய்ந்திருப்பது, டாஷ்போர்டில் திருகு ஓட்டைகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் எஞ்சிய வயர்கள் ஆகியவை அதன் தடங்கள். கேஸ் கிட் மாட்டிய வண்டியையும் இப்படியே யோசியுங்கள். ஒருவர் பணம் செலவழித்து கிட் மாட்டியிருந்தால் அது நிறைய ஓட்டுவதற்காகத்தான் இருக்கும். டில்லியில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் எதிராக வந்த நீதிமன்ற உத்தரவுகளின் விளைவாக, அங்கிருந்து பல வண்டிகள் தடையில்லாச் சான்றுடன் தெற்கே வந்தன. விலை குறைவாகத் தெரிந்தாலும் தமிழ்நாட்டில் மறுபதிவும் வரியும் சேரும் என்பதோடு, வரலாற்றைத் தேடிச் சரிபார்ப்பதும் கடினம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த இன்ஜின்

விற்பவரிடம் முன்கூட்டியே, ‘காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் தெரியக்கூடிய ஏதோ ஒன்றை மறைக்கிறார்களோ என்ற ஐயத்துடன் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை வெளிப்படும். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிர்காலக் காலையில் சிறிது வெண்ணீராவி வந்து மறைவது இயல்பு. சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறது. டீசலில் கடும் கரும்புகை இன்ஜெக்டர், டர்போ, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு ஆகியவற்றில் ஒன்றைச் சுட்டும். முதல் சில நொடிகளில் சங்கிலி உரசுவதுபோலக் கரகரவென்ற ஒலி வந்து மறைந்தால், வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இணைத்து இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா போன்ற பல வண்டிகளில் இருந்த 1,248 சிசி டீசல் இன்ஜினில் செயின்தான் உண்டு. ஆயிலைச் சரியாக மாற்றிவந்தால் நீண்ட காலம் உழைக்கும், மாற்றத் தவறினால் செயின்தான் முதலில் வலுவிழக்கும்.

ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளையின் மேல் தளர்வாக வையுங்கள். மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்வது இதைத்தான்: பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி, அந்தத் துளை வழியே புகையாகக் குபுகுபுவென வெளியேறி மூடியையே தள்ளும். டீசலில் சிறிதளவு காற்று வருவது இயல்பு. பெட்ரோலில் புகையோடு அடித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மூடியின் உட்புறம் தயிர்போல வெளிறிய பசை இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடான நிலையில் ஒருபோதும் திறக்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும், அதில் பத்து நிமிடம் மோசமான சாலையில் இருக்க வேண்டும். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டால், வேகத்தோடு கூடிக் குறையும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்கைக் காட்டும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது ‘டக் டக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. வேகத்தடையில் மட்டும் வரும் தட்டல் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். அவை மலிவானவை, பேரம் பேசப் பயன்படுபவை.

இவற்றுக்குப் பிறகும் வண்டி பிடித்திருந்தால், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால் அடிப்பகுதித் துருவை அவர் தட்டிப் பார்க்கட்டும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை இணைக்கும்போது, பிழைக் குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் எவ்வளவு என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 45,000 காட்டும் வண்டியில் அந்தத் தூரம் 61,000 என்று வந்தால் வாதத்துக்கு இடமே இல்லை. அந்த எண் 65,535க்கு மேல் ஏறாது என்பதையும், குறியீட்டை அழித்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறிய எண் வந்தால் அது எதையும் நிரூபிப்பதில்லை.

இனி ஓடப்போகும் தூரம்

அதிகம் ஓடிய வண்டியின் விலையைத் தீர்மானிக்க நான் பின்பற்றும் முறை எளிது. நீங்கள் ஆண்டுக்கு 8,000 ஓட்டுவீர்கள், ஐந்து ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை 40,000 கிலோமீட்டர். வண்டி இப்போது 1,05,000இல் இருந்தால், 1,45,000க்குள் எவையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்பதுதான் கேள்வி. கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், இன்ஜின் மவுன்ட், ஒரு செட் டயர், ஒரு பேட்டரி ஆகியவை ஏறக்குறைய உறுதி. டீசலில் இன்ஜெக்டரும் டர்போவும் சேரலாம், பெட்ரோலில் ஸ்பார்க் பிளக் போதும்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ள இன்ஜினா என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐ10 வண்டியிலேயே பழைய 1.1 லிட்டர் இன்ஜினுக்குப் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா இன்ஜினுக்குச் செயின். பெல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்; ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, சேமித்த பணம் முழுவதும் அங்கேயே போய்விடும்.

இந்தப் பட்டியலை மெக்கானிக்கிடம் கொடுத்து உதிரி, கூலி இரண்டும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மாற்றியதற்குப் பில் உள்ளவற்றை அடித்துவிடுங்கள். எஞ்சிய தொகையையும் கேட்கும் விலையையும் கூட்டினால் வருவதுதான் அந்த வண்டியின் உண்மையான விலை. கிளட்சும் சஸ்பென்ஷனும் அண்மையில் மாற்றிய 1,15,000 வண்டி, எதுவும் மாற்றாத 75,000 வண்டியைவிட மலிவாக முடிவது இந்தக் கணக்கில் அடிக்கடி தெரியவரும். பதிவாகி 15 ஆண்டு நெருங்கும் வண்டியானால், பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை படிந்ததும், டெலிவரி நோட்டில் தேதி, நேரம், அன்றைய மீட்டர் எண் மூன்றையும் எழுதி விற்பவரின் கையெழுத்தைப் பெறுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பம் வாங்குங்கள். கடன் இருந்த வண்டியானால் கடன் பதிவை நீக்கும் ஃபாரம் 35உம் வங்கியின் கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் 30 நாள்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை, எப்போது மாற்றினார்கள் என்ற பேச்சை விட்டுவிட்டு, முழுவதும் மாற்றிவிடுங்கள். பில்லில் கிலோமீட்டர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, ஓர் உறையில் போட்டு வையுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்க வருபவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.